டப்பாவில் வருமா எச்ஆர்டி1?

சுங்கை சிப்புட் தோட்டத்துப் புலனக் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ‘எச்ஆர்டி1’ புரதம் கலந்த மாவைக் குடித்தால் செல்களின் குப்பை வெளியேறி, இனிப்புநீர் போய்விடுமாம். பொய்.

எச்ஆர்டி1 உண்மையான புரதம்தான். ஆனால் அதை நம் செல்களே செய்துகொள்கின்றன. செல்லுக்குள் புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்திருக்கும் அது, தப்பாக மடிந்த புரதங்கள் வெளியேற வழிவிட்டு, யுபிக்விட்டின் என்ற அடையாளச் சீட்டையும் ஒட்டுகிறது. சீட்டு ஒட்டியதை, செல்லின் புரத வெட்டியான புரோட்டியாசோம் நறுக்கித் தள்ளும்.

குடித்த மாவிலுள்ள புரதமோ, முட்டைப் புரதம் போலவே வயிற்றிலும் குடலிலும் செரித்து அமினோ அமிலமாகிவிடும். முழுசாகப் போய்ச் செல்லுக்குள் அந்தச் சவ்வில் உட்காராது.

பாசார் மாலாமில் டப்பாவை வாங்கியாயிற்றென்றால் போகட்டும். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.