30 டிகிரி ஏற்றிய மகராசன்

நேற்றுக் காலை எங்கள் ரப்பர் கம்பெனி ஷெட்டுக்குள் கால் வைத்ததும் மூக்குக்குத்தான் முதலில் சேதி வந்தது. கந்தக வாடை, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. ரப்பரை மோல்டில் அழுத்தி வேகவைக்கிற மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு நேராகப் போனேன். மீட்டரில் 180. நான் எழுதி ஒட்டியிருந்தது 150 டிகிரி, 20 நிமிஷம். அதை மார்க்கரால் அடித்துவிட்டு, என் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே '180 / 3' என்று ஒரு கை எழுதியிருக்கிறது.

மூன்று நிமிஷம்! 40 மில்லிமீட்டர் விட்டம், 30 மில்லிமீட்டர் உயரம் உள்ள ரப்பர் மவுண்ட்டுக்கு, மெஷினுக்கு அடியில் அதிர்வு தாங்க வைக்கிற கட்டைக்கு!

"யாருப்பா இதை மாத்துனது?"

நைட் ஷிஃப்ட் சூப்பர்வைசர் தம்பி, பரிசு வாங்க மேடையேறுகிறவன் மாதிரி வந்தான்.

"நான்தானுங்க சார். நீங்க கிளாஸ் எடுத்தப்ப சொன்னீங்களே, 10 டிகிரி ஏத்துனா நேரம் பாதியாயிரும்னு. 150-ல 20 நிமிஷம். 160-ல 10. 170-ல 5. 180-ல ரெண்டரை. சேஃப்டிக்கு அரை நிமிஷம் நானே சேர்த்துக்கிட்டேனுங்க."

சேஃப்டிக்காம்!

பாவி, கணக்கில் தப்பே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். சூடு ஏறினால் ரசாயன வினை எவ்வளவு வேகமாகும் என்று ஆர்ரேனியஸ் என்ற விஞ்ஞானி 1889-ல் சொன்ன சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கு சூடு ஏறி முடிந்த ரப்பருக்கு அல்லவா? ரப்பர் வேகும் நேரத்தை அளக்கிற ரியோமீட்டரில் நாம் வைப்பது அடை கனத்தில் ஒரு துண்டு. வைத்த கொஞ்ச நேரத்திலேயே முழுக்கச் சூடாகிவிடும். மவுண்ட் அப்படியா? இரும்பு கடத்துகிற சூட்டில் நூறில் ஒரு பங்குகூடக் கடத்தாத ஜென்மம் ரப்பர். மோல்டு 180-ல் கொதித்தாலும் மூன்று நிமிஷத்தில் நடுப்பகுதிக்குச் சேதியே போயிருக்காது. பிளேடு எடுத்து ஒன்றை அறுத்தேன். மேலே மெல்லியதாக ஒரு தோல். உள்ளே, கலவை மில்லில் இருந்து இறங்கிய பச்சைக் காம்பவுண்ட், அதாவது வேகாத ரப்பர் கலவை, அப்படியே பிசுபிசுவென்று இருக்கிறது. விரலை வைத்தேன், குழி விழுந்தது. குழி அப்படியே நின்றது.

இதோடு விட்டானா? ராத்திரி ஒரு மணிக்கு அவனுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. நல்ல மனுஷன் என்ன செய்வான்? சூட்டைக் குறைப்பான். இவன் 180-ஐ அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை 10 நிமிஷம் ஆக்கியிருக்கிறான். அதில் ஒன்றையும் அறுத்தேன். நடுவில் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கிறது. வெளியே? கடினம் 60 ஷோர் இருக்க வேண்டிய இடத்தில் 51. இயற்கை ரப்பரை அந்தச் சூட்டில் போட்டு வறுத்தால் ரப்பர் இழைகளுக்கு நடுவே கந்தகம் கட்டிய முடிச்சுகள் அவிழ ஆரம்பிக்கும். சூடு ஏற ஏற முடிச்சு விழும் வேகமும் கூடும், அவிழும் வேகமும் கூடும். அவிழ்வதற்குத்தான் அவசரம் அதிகம். ஆக, ஒரே மவுண்ட்டில் வெளியே வெந்து நொந்துபோனது, உள்ளே வேகாதது. இரண்டையும் ஒரே ராத்திரியில் சாதிப்பதற்குத் தனித் திறமை வேண்டும், ஐயா!

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இவனுக்கு ஆக்கவே பொறுக்கவில்லை.

கந்தகம் போட்ட ரப்பர் அடுப்பில் பட்டு அரைகுறையாகக் கருகியதைப் பார்த்து, எங்கே நிறுத்த வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். அது 1839-ல். பேடன்ட் வாங்க 1844 ஆனது. அந்த மனுஷன் கடனாளியாகவே செத்தார். இங்கே ஒரு மார்க்கர் பேனாவில் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்புறம் முதலாளி வந்தார். 240 பீஸ் என்றேன். குனிந்து ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "சரி விடுங்க. உருக்கி மறுபடி ஊத்திக்கலாமில்ல?"

பதினோரு வருஷமாக ரப்பர் கம்பெனி நடத்துகிறவர். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்கிக் கொடு என்கிறார். ஸ்கார்ச் ஆகிறது, அதாவது முன்கூட்டியே வெந்துபோகிறது, காம்பவுண்ட் ரூமுக்கு ஓர் ஏசி போடுங்கள் என்று மே மாதம் பூராவும் கெஞ்சினேன். தகர ஷெட்டு அடியில் ஷீட்டை அடுக்கினால் பிரஸ்ஸுக்குப் போகும் முன்பே பாதி வேக்காடு வந்துவிடுகிறது. "நமக்கே ஏசி இல்ல, ரப்பருக்கு என்னத்துக்கு" என்றவரும் இவரேதான்.

திட்டித் தீர்க்கலாம் என்று தம்பியைக் கூப்பிட்டேன். அவன் நோட்டைக் காட்டினான். என் கிளாஸில் எழுதியது. 'பத்து டிகிரி = பாதி நேரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறான். கனமான பீஸுக்கு இது ஆகாது என்று சொன்னேனா? யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு டீ வந்துவிட்டது. அதோடு கிளாஸ் முடிந்தது.

சிரிப்புதான் வந்தது. இரண்டு பேரும் 240 மவுண்ட்டையும் கோணியில் அள்ளிக் கட்டினோம். ரப்பரில் கலக்கிற கார்பன் பிளாக் கரி முழங்கை வரைக்கும். இதில் அந்த அட்டென்டன்ஸ் மெஷின் வேறு. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டு விரலை வைத்தாலும் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்கிறது. போன மாசம் இப்படியே அரை நாள் சம்பளம் போச்சு.