மாடிக்குத் தடை கேட்கிறவர்களுக்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில், எங்கள் தெருவில் இனி யாரும் மாடி எடுக்கக் கூடாது என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போகிறார்களாம். நான் போடுவதாக இல்லை. அதற்காக, கேட்கிறவர்களை எல்லாம் பொறாமைக்காரர்கள் என்று சொல்வதையும் ஏற்க மாட்டேன்.

கீழக்கரைப் பழைய வீடுகளுக்குள் போய்ப் பழகியவர்களுக்கு அவர்கள் கோபம் புரியும். நடுவில் முற்றம். மீன் கழுவுவது, துணி காயப்போடுவது, குளித்துத் தலை உலர்த்துவது என்று பெண்களின் பாதி நாள் அங்கேதான் போகும். தெருவில் நடப்பவருக்கு வெறும் சுவர்தான் தெரியும். பக்கத்தில் ஒரு மாடி எழும்பி, அதில் ஒரு ஜன்னல் இந்தப் பக்கம் திறந்தால் எல்லாம் போச்சு. எங்கள் பக்கத்து வீட்டில் மாடி வந்த நாளிலிருந்து உம்மா சொந்த முற்றத்துக்கே முக்காடு போட்டுக்கொண்டு வருகிறார். அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், எட்டிப் பார்க்கிறவர்கள் இல்லை. ஆனாலும் ஜன்னல் ஜன்னல்தானே.

அப்புறம் சுவர். நம் பழைய சுவர்களில் பல, கடலில் எடுத்த பாறைக் கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியவை. அந்தக் கல்லை இப்போது எடுக்கவே முடியாது, பவளப்பாறை சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான அப்படிப்பட்ட சுவரில் ஒருவர் கான்கிரீட் தளத்தை ஏற்றினால் விரிசல் அடுத்த வீட்டில் விழும். காற்று மறைவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கரண்ட் இல்லாத ராத்திரியில் தெரியும்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் வந்ததில்லை. கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்று ஒரு பணக்கார ஊர். ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமானக்காரர் 1950களில் அங்கே வரிசை வரிசையாக மாடியில்லாத வீடுகள் கட்டி விற்றார். தோட்டத்தைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. பக்கத்தில் மாடி வந்தால் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் வரை தெரியும். அதனால் ஒரு பகுதியில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால், நகர்மன்றம் மாடிக்குத் தடை போட அங்கே விதி உண்டு. நாம் முற்றத்துக்காகப் பேசுவதைத்தான் அவர்கள் கண்ணாடிச் சுவருக்காகப் பேசுகிறார்கள்.

ஆனால் நம் ஊரில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அந்த வழக்கம் சரியா தப்பா என்பது வேறு சண்டை, அதில் எனக்கு நிறையக் கோபம் உண்டு. இப்போதைக்கு அது நடப்பில் இருக்கிறது. மூன்று பெண்ணைப் பெற்ற ஒரு வாப்பா, வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பும் பணத்தில் ஊருக்குள் மூன்று மனை வாங்க முடியுமா? இருக்கிற இடத்தில் மேலேதான் எடுப்பார். வசதிக்காரர் எப்படியும் ஊருக்கு வெளியே மனை வாங்கிக்கொள்வார். ஆக, தடை போட்டால் மாட்டிக்கொள்வது பெண் பிள்ளைகளைப் பெற்ற நடுத்தரக் குடும்பம்தான்.

சட்டம் தடுக்கும் என்று நம்பவும் வேண்டாம். விதிப்படி கட்டுகிறேன் என்று வீட்டுக்காரரே சான்று கொடுக்கும் சுயசான்று முறை தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்தது. அதில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. தரைத்தளமும் ஒரு மாடியும் அதற்குள் வந்துவிடும். இடத்தை முன்கூட்டி யாரும் வந்து பார்ப்பதில்லை. ஜன்னல் யார் முற்றத்தைப் பார்க்கிறது என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

அதைக் கேட்க வேண்டியது தெருதான். பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்த்த பக்கம் ஜன்னல் வேண்டாம், ஏழடிக்கு மேலே வென்டிலேட்டர் போதும். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் அந்தப் பக்கம் மட்டும் ஆளுயரம் இருக்கட்டும். பொதுச் சுவரில் பாரம் ஏற்றாமல், சொந்த இடத்துக்குள் தூண் போட்டு எழுப்பட்டும். செலவு கொஞ்சம் கூடும், சரி, தாங்கக்கூடிய செலவுதான். பிளான் போடும் இன்ஜினியரிடம் அஸ்திவாரத்துக்கு முன்பே சொன்னால் சண்டைக்கே இடமில்லை.

இதை எழுதிக் கொண்டு வாருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம். "அவ்வளவு கஷ்டமென்றால் பெண்ணை வாடகை வீட்டில் வையுங்கள்" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், அதை என் காக்காவே (அண்ணன்தான்) சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.