அந்தக் குஞ்சு அநாதை இல்லை

நேற்று ராத்திரியிலிருந்து பதினோரு பேர் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவிட்டார்கள். மதிலோரம் இருந்த தவிட்டுக்குருவிக் குஞ்சு ஒன்றை ஒரு தம்பி ‘அநாதைக் குஞ்சு’ என்று எழுதி எடுத்துப்போய், மை ஃபில்லரில் பால் விடுகிற வீடியோ. அது தப்பு என்று அதன் கீழே நான் கமெண்ட் போட்டேன், பதிலுக்குப் பலர் என்மேல் கோபப்பட்டார்கள். நான் சொல்வது ஒன்றே ஒன்று. அந்தக் குஞ்சு அநாதை இல்லை.

சத்தத்தைக் கூட்டி வைத்து இன்னொரு தடவை கேளுங்கள். பாட்டுக்குப் பின்னால் கீச்சுகீச்சென்று விடாமல் ஒரு கத்தல் வரும். அந்தத் தம்பி குனிந்து குஞ்சை எடுக்கும்போது மதில்மேல் நாலைந்து பறவைகள் தவித்துக்கொண்டு நிற்பது ஒரு விநாடி தெரியும். அதுதான் அதன் குடும்பம். ‘என்ன இரைச்சல், மியூட் பண்ணிட்டுத்தான் பார்த்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அந்த இரைச்சல்தான் பிள்ளையைக் கொடு என்று கேட்பது.

தவிட்டுக்குருவி தனியாக வாழும் பறவை இல்லை. வெண்தலைச் சிலம்பன் என்று புத்தகத்தில் போடுவார்கள், யாழ்ப்பாணத்தில் புலுனி என்பார்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஏழெட்டுப் பறவைகள் சேர்ந்து ஒரே குடும்பமாக, ஒரே இடத்தைச் சுற்றியே திரியும். சருகைப் புரட்டிப் பூச்சி தேடும்போது ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். குஞ்சு பொரித்தால் அம்மா அப்பா மட்டுமில்லை, கூட்டத்தில் மற்றதும் இரை கொண்டுவந்து ஊட்டும். நன்றாகப் பறக்கத் தெரியும் முன்பே குஞ்சு கூட்டைவிட்டு இறங்கிவிடும். தரையில், செடி மறைவில் தத்தித் தத்தித்தான் வளரும். பெரிய பறவைக்குக் கண் வெளிறி இருக்கும். வீடியோவில் இருப்பதற்குக் கருகருவென்று கண், கட்டை வால், வாயோரம் மஞ்சள். கூட்டைவிட்டு இறங்கி ஓரிரு நாள் ஆன குஞ்சு, அவ்வளவுதான். விழுந்து கிடந்ததும் இல்லை, யாரும் விட்டுப்போனதும் இல்லை.

‘அப்போ பூனை தின்னட்டும்னு விட்டுடணுமா?’ நியாயமான கேள்விதான். பக்கத்துச் செடியில், கைக்கெட்டும் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றிருந்தால் போதும். ‘மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காது’ என்பது சும்மா சொல்வது, கை பட்டதற்காகப் பெற்ற குஞ்சை ஒதுக்குகிற பறவை இல்லை இது. சுடலைக்குயில் இதன் கூட்டில் கள்ளத்தனமாக முட்டையிட்டுப் போனால் அந்தக் குஞ்சுக்கும் சேர்த்து ஊட்டுகிற குருவி, சொந்தப் பிள்ளையையா தள்ளும்? அப்புறம் அந்த மை ஃபில்லரில் பால். தயவுசெய்து வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது. அதைவிட, நாக்கு முடிகிற இடத்துக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கும், சொட்டுச் சொட்டாக விட்டால் நேராக அதற்குள் இறங்கிவிடும்.

‘நீங்க என்ன பறவை டாக்டரா, நல்லது செய்யறவனைக் குறை சொல்லியே பேர் வாங்கறீங்க’ என்றார் ஒருவர். டாக்டர் இல்லை. எங்கள் ஆச்சி வீட்டுக் கிணற்றடியில் இந்தக் குருவிகளோடு வளர்ந்தவன். ஒருநாள் முருங்கை மூட்டில் சாரைப்பாம்பு வந்தபோது மொத்தக் கூட்டமும் இறங்கி, இறக்கையை விரித்து, அதன் வாலுக்குப் பக்கத்திலேயே குதித்துக் குதித்துக் கத்தியதைப் பார்த்திருக்கிறேன். பாம்பு வேலிக்குள் போகும்வரை ஒன்றுகூட மரமேறவில்லை. நடுவில் ஒரு குஞ்சு இருந்தது. ஆச்சி அடுப்பை விட்டு வந்து பார்த்துவிட்டு, ‘பெத்தது யாருன்னு தெரியுதாடா?’ என்று கேட்டாள். தெரியவில்லை.

அந்த வருஷம்தான் அப்பா போய்ச்சேர்ந்தார். என்னை வளர்த்தது ஆச்சி, பெரியம்மா, இரண்டு மாமாக்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் எல்லார் முன்னாலும் அநாதைப் பிள்ளை என்று சொல்லி நோட்டு கொடுத்தார். நல்ல எண்ணத்தில்தான். வாசலில் பெரிய மாமா சைக்கிளோடு நின்றிருந்தார், அவர் காதிலும் விழுந்தது. வழி முழுக்க அவர் பேசவே இல்லை. அதனால் அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கமெண்டில் குரல் உயர்ந்திருந்தால் அதற்காக வருந்துகிறேன், சொன்ன விஷயத்துக்காக இல்லை.

தம்பி, உங்கள் மனசைக் குறை சொல்லவில்லை. இன்று காலை அந்தத் தெரு வழியாகப் போனேன். அதே மதிலோரம், சருகைப் புரட்டிக்கொண்டு ஏழு குருவிகள். அந்த இடத்தைச் சுற்றியேதான் இருக்கின்றன. குஞ்சு உயிரோடு இருந்தால் நாளைக் காலை வெயிலுக்கு முன்னால் கொண்டுவந்து அந்தச் செம்பருத்திச் செடியில் வையுங்கள். அது ஒரு குரல் கொடுத்தால் போதும். நானும் ஆறு மணிக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.