ஜோ போவனுக்குப் பிறகு வருகிறவரையாவது அரங்கத்துக்கு அனுப்புங்கள்

2025-26 பருவம்தான் தன்னுடைய கடைசிப் பருவம் என்று ஜோ போவன் அறிவித்த நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் வானொலிக் குரல் அவர். சட்பரிக்காரர். 1982இல் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர், 3,000 ஆட்டங்களுக்கும் மேல் வர்ணனை செய்துவிட்டார். லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கிண்ணம், அதாவது என்.எச்.எல். ஹொக்கி லீக்கின் சம்பியன் கிண்ணம், எடுத்தது 1967இல். அப்படியென்றால் இத்தனை வருடத்தில் தன் அணி கிண்ணம் தூக்குவதைச் சொல்லும் வாய்ப்பு அந்த மனிதனுக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே மனம் கனக்கிறது.

எனக்கு அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1993 வசந்தம், கனடா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சிங்குக்கு மேலே தட்டில் ஒரு சின்ன ரேடியோ. தலைமைச் சமையல்காரர் வயதானவர், லீஃப்ஸ் ஆட்டம் தொடங்கினால் குசினியில் ஒருவரையும் கதைக்க விடமாட்டார். எனக்கு அப்போது ஆங்கிலம் பாதிதான் புரியும், ஹொக்கி துண்டாகப் புரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டுவிட்டு வந்தவன் நான். சொல் விளங்காவிட்டாலும் ஒரு குரல் எப்போது பதறுகிறது, எப்போது அடங்குகிறது என்று காது பிடித்துவிடும்.

மே 1, சனிக்கிழமை. டிட்ரொயிற்றில் ஏழாவது ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேலதிக நேரத்தில் நிக்கலாய் போர்ஷெவ்ஸ்கி கோல் போட்டார். போவனின் குரல் வெடித்தது, சமையல்காரர் கையிலிருந்த கரண்டியோடு என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தக் கத்தலுக்குப் பின்னால் ரேடியோவில் இன்னொன்றும் எனக்குக் கேட்டது. அதுவரை இரைந்துகொண்டிருந்த டிட்ரொயிற் கூட்டம் அப்படியே வாயடைத்துப் போன சத்தமின்மை. யார் வென்றது என்று அதை வைத்துத்தான் எனக்கு விளங்கியது. அந்த வசந்தம் முழுவதும் ஆச்சரியத்தில் அவர் கத்தும் "ஹோலி மக்கினோ!" எங்கள் குசினியில் எல்லோர் வாயிலும் இருந்தது, அர்த்தம் தெரியாமல் நானும் சொல்லித் திரிந்தேன்.

போவன் அன்றைக்கு டிட்ரொயிற்றில் இருந்தார். நான் சொல்ல வருவது இதைப் பற்றித்தான்.

இந்த அணியின் வர்ணனை வரலாறே, வர்ணனையாளர் எங்கே உட்காருவது என்பதைப் பற்றிய வரலாறுதான். ஃபொஸ்டர் ஹியூவிட் 1923 பெப்ரவரி 16ஆம் தேதி மியூச்சுவல் தெரு அரங்கில் முதல் தடவையாக வர்ணனை செய்தபோது அவருக்கு வயது 20. ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையில் நிருபர், அப்பா அதே பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர், வானொலி நிலையமும் அதே பத்திரிகையுடையது. உலகத்தின் முதல் ஹொக்கி வர்ணனை அவருடையது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது சரியில்லை, எட்டு நாள் முன்பு அதே அரங்கிலிருந்து அதே நிலையத்துக்கு நோர்மன் அல்பேர்ட் என்பவர் ஓர் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைச் சொல்லிவிட்டார். அந்தப் பெயர் மறக்கப்பட்டது நியாயமில்லை. ஆனால் தொடர்ந்து செய்து, அதை ஒரு தொழிலாக்கியவர் ஹியூவிட்தான். ஆரம்பத்தில் அவரை உட்காரவைத்தது ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள், கையில் ஒலிவாங்கிக்குப் பதில் ஒரு தொலைபேசி. மூச்சுவிட விடக் கண்ணாடியில் ஆவி படிந்து ஆட்டமே தெரியாமல் போகும், இடையில் தொலைபேசிப் பரிவர்த்தனைப் பெண்கள் வேறு லைனில் வந்து குறுக்கிடுவார்கள். இதையெல்லாம் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதனால்தான் 1931இல் அணியை நடத்திய கொன் ஸ்மைத் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கைக் கட்டியபோது, வர்ணனைக்கான இடத்தை ஹியூவிட் தானே தேடிப் போனார். ஈட்டன்ஸ் கடைக் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று கீழே தெருவில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறார். ஆட்களை அடையாளமும் தெரிய வேண்டும், முழுத் தெருவும் ஒரே பார்வையில் விழவும் வேண்டும். ஐந்தாம் மாடி சரியாக வந்தது. அளந்தால் 56 அடி. பனித்தளத்துக்கு மேலே அதே 56 அடி உயரத்தில், கூரையிலிருந்து தொங்குவதுபோல் ஒரு பெட்டி. ஆகாயக் கப்பலின் அடியில் இருக்கும் அறை மாதிரி இருந்ததால் கொண்டோலா என்று பெயர் வந்தது. அதற்குப் போகிற ஒடுங்கிய நடைபாலத்துக்கு ஆரம்பத்தில் கைபிடிகூட இல்லையாம். படங்களில் ரவுடியாக நடித்த ஜோர்ஜ் ராஃப்ட் அதில் கால் வைக்கப் பயந்து திரும்பிப் போனார் என்று ஒரு கதை இன்றும் சொல்வார்கள்.

வேலைசெய்வதற்கு எது சரியான இடம் என்று இவ்வளவு யோசித்த ஒரு வர்ணனையாளரை எனக்கு வேறு எந்த விளையாட்டிலும் தெரியாது.

அங்கேயிருந்துதான் "ஹலோ கனடா, அமெரிக்காவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் இருக்கிற ஹொக்கி ரசிகர்களே" என்று சனி இரவுகளில் அவர் தொடங்குவார். நியூஃபவுண்ட்லாந்தைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு, 1949 வரை அது கனடாவோடு சேரவில்லை. 1933 தொடக்கத்திலிருந்து நாடு முழுவதும் கேட்டது. அந்த வருடம் ஏப்ரலில் லீஃப்ஸும் பொஸ்டனும் மோதிய ஆட்டம் ஆறாவது மேலதிகப் பகுதிவரை போய், 104 நிமிடமும் 46 செக்கனும் மேலதிகமாக ஆடிய பிறகு கென் டொராட்டியின் கோலில் முடிந்தது. அவ்வளவு நேரமும் ஒற்றை ஆளாகப் பேசியவர் ஹியூவிட். "ஹி ஷூட்ஸ், ஹி ஸ்கோர்ஸ்!" என்று இன்று உலகம் முழுக்கக் கத்துகிறார்களே, அதைப் பரப்பியதும் அந்தக் குரல்தான்.

1952இல் தொலைக்காட்சி வந்தது. ரொறன்ரோவிலிருந்து முதல் ஒளிபரப்பு நவம்பர் 1, பொஸ்டனுக்கு எதிராக, ஹியூவிட்தான் பேசினார். வீட்டிலிருந்தே பார்த்தால் ரிக்கெட் விற்காது என்ற பயத்தில், பல வருடங்கள் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் படத்தைக் காட்டினார்கள். 1950களின் கடைசியில் அவர் தொலைக்காட்சியை மகன் பில் ஹியூவிட்டிடம் கொடுத்துவிட்டு வானொலிக்கே திரும்பினார். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். பில் அமைதியான ஆள், 1967 கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் சொன்னவர், 1981இல் உடல்நலக் குறைவால் விலகினார். அப்பாவுடைய புகழின் நிழலிலேயே அவரைப் பேசுகிறார்கள். அது பிழை, தனியாகவே அவர் நல்ல வர்ணனையாளர்.

1951இல் ஃபொஸ்டர் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் தொடங்கினார், சி.கே.எஃப்.எச். கடைசி இரண்டு எழுத்தும் அவருடைய பெயர்தான். 1956இல் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பொப் கோல் என்ற இளைஞன் தான் பதிவுசெய்த நாடாவோடு அந்த வாசலில் போய் நின்றான். ஹியூவிட் துரத்தவில்லை, உட்காரவைத்து, நாடாவைப் போட்டுக் கேட்டு, ஆட்டத்தின் வேகத்தோடு குரல் எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பொப் கோல்தான் பிறகு எங்களுடைய சனி இரவுத் தொலைக்காட்சிக் குரலாக 2019 வரை இருந்தார். 2024 ஏப்ரலில் அவர் இறந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் மகன் ரீவியை நிறுத்திவிட்டு எழுந்து போனான்.

கொண்டோலாவை என்ன செய்தார்கள் தெரியுமா? 1979இல் அணியின் அப்போதைய முதலாளி ஹரோல்ட் பலார்டின் நிர்வாகத்தில் அதை உடைத்து எரித்துவிட்டார்கள். அரங்கமும் 1999இல் அணியை இழந்தது, இன்றைக்கு அங்கே கீழே பலசரக்குக் கடை, 25ஆவது வரிசையில் நடுத்தளம் இருந்த இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி. சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் நான் அந்தப் புள்ளியில் நின்று மேலே பார்ப்பேன், 56 அடி எங்கே வரும் என்று.

சரி, இன்றைக்கு வருவோம். கொரோனாவில் பயணம் நின்றது, அதில் யாருக்கும் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாம் திறந்து, அணி பறந்து, ரசிகர்கள் பறந்து, தொலைக்காட்சிக்காரர்கள் பறந்த பிறகும் போவனும், அவரோடு கூட இருக்கும் பழைய கோல்காப்பாளர் ஜிம் ரால்ஃபும் வெளியூர் ஆட்டங்களை ரொறன்ரோவில் ஒரு ஸ்டூடியோவில் இருந்து திரையைப் பார்த்துத்தான் சொல்லவேண்டி வந்தது. திரையில் என்ன தெரியும்? கமெரா பக்கை, அதாவது ஆடுகிற கறுப்பு வட்டைத் துரத்துகிறது, பக் இருக்கிற மூலை மட்டும்தான் தெரியும். நடுவர் கை உயர்ந்துவிட்டதா, கோல்காப்பாளர் வலையை விட்டு இருக்கைக்கு ஓடுகிறாரா, யார் மாறி உள்ளே இறங்குகிறார், தூரத்தில் யார் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார், இதெல்லாம் படத்துக்கு வெளியே. தொலைக்காட்சி பார்க்கிறவனுக்கு அது அவ்வளவு நட்டமில்லை, அவனும் அதே படத்தைத்தான் பார்க்கிறான். வானொலி கேட்கிறவனுக்கு அந்த இரண்டு கண்ணைத் தவிர வேறு கண் கிடையாது. இரவு வேலைக்கு 401 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவன், குசினியில் நிற்கிறவன், கண் தெரியாதவர், இவர்களுடைய கண் அது.

1972இல் மொஸ்கோவில், சோவியத் அணியோடு கனடா ஆடிய தொடரின் கடைசி ஆட்டம். ஓய்விலிருந்த ஹியூவிட்டைக் கூப்பிட்டு, கிட்டத்தட்ட 70 வயது மனிதனை, அங்கேயே அனுப்பினார்கள். 34 செக்கன் மிச்சமிருக்கையில் ஹெண்டர்சன் கனடாவுக்குக் கோல் போட்டுவிட்டார் என்று அவர் கத்தியது இந்த நாட்டின் ஞாபகமாகவே ஆகிவிட்டது. அன்று மொஸ்கோவுக்கு அனுப்ப முடிந்தது, இன்று இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிற பஃபலோவுக்கு அனுப்ப முடியவில்லை. காசு இல்லையென்றால் புரிந்துகொள்வேன். கனடாவில் இந்த லீக்கின் தேசிய ஒளிபரப்பு உரிமை 2026-27இலிருந்து 12 வருடத்துக்கு 11 பில்லியன் டொலருக்குப் போயிருக்கிறது. அதற்குள் இரண்டு பேரின் விமான ரிக்கெட் பெரிய தொகையா?

லீஃப்ஸ் ஆட்டங்களைச் சொல்கிற வானொலி நிலையங்களில் ஒன்று 590, ஹியூவிட் தொடங்கிய அதே சி.கே.எஃப்.எச்.தான் பெயரும் அலைவரிசையும் மாறி அங்கே வந்து நிற்கிறது. இப்போதைய அரங்கில் ஊடகக்காரர்கள் உட்காரும் இடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2018இல் போவனுக்குக் கிடைத்த விருதும் அவர் பெயரில்தான். பெயரை எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு, மாடி மாடியாக ஏறி அவர் தேடியதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

போவனுக்குப் பிறகு யார் என்று குழுக்களில் நிறைய அடிபடுகிறது. எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் கிடையாது, யார் வந்தாலும் இரண்டு வருடத்தில் காது பழகிவிடும். வெளியூர் ஆட்டங்களுக்கு அவரை அனுப்புவீர்களா என்று மட்டும் கேட்டு நேற்று நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். வானொலியில் கேட்கிற வேறு யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள், நாலு வரி போதும். ஆங்கிலத்தில் எழுத யாருக்காவது கஷ்டமென்றால் உள்பெட்டியில் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.