எழுபது ஆண்டுகள் என்று சொன்ன கடிதம்

என் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 9 நாட்களும் என் கைப்பேசிக்கு வேதாகமத்தின் எரேமியா 29:11 என்னும் ஒரே வசனம் பலரிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளையே கர்த்தர் தம் மக்கள்மேல் கொண்டிருக்கிறார் என்னும் அந்த வாக்குத்தத்தத்தை எல்லாரும் அன்பினால்தான் அனுப்பினார்கள். ஆயினும், உறக்கம் வராத ஓர் இரவில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்தபோதுதான், அது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது என்பது எனக்கு உறைத்தது.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்ற மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. 2 ஆண்டுகளுக்குள் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று அனனியா என்னும் பொய்த் தீர்க்கதரிசி அறிவித்திருந்தான். கேட்க இனிமையாக இருந்த அந்தச் செய்தி பொய்யாக இருந்தது. எரேமியாவோ 70 ஆண்டுகள் என்று எழுதினார். முப்பது வயதில் கொண்டுபோகப்பட்ட ஒருவர் தம் ஊரை இனிக் காணமாட்டார் என்பதே அதன் பொருள். அப்படிப்பட்டவர்களிடம்தான், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறையிருக்கிற அந்த நகரத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்றெல்லாம் சொல்லிய பிறகு, அந்தக் கடிதம் 11ஆம் வசனத்துக்கு வருகிறது.

ஆகையால், "விசுவாசமாயிரு, ஒன்றும் நேராது" என்று அஞ்சியிருப்பவரிடம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஏதேனும் நேர்ந்துவிட்டால், துக்கத்தோடு சேர்த்து, தம் விசுவாசம் போதவில்லையோ என்ற குற்றவுணர்வையும் அவர் சுமக்க வேண்டியிருக்கும். (தூதர்கள் கைகளில் ஏந்துவார்கள் என்னும் 91ஆம் சங்கீதத்தின் வரிகளைக் காட்டித்தான், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி சோதனைக்காரனாகிய சாத்தான் இயேசுவிடம் சொன்னான் என்பதையும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.) நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையைப் பணிய மறுத்ததால் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற சாத்திராக், மேஷாக், ஆபேத்நேகோ என்னும் மூவரும் தங்கள் தேவன் தங்களை விடுவிக்க வல்லவர் என்று ராஜாவிடம் சொன்னார்கள், விடுவிக்காமற்போனாலும் பொற்சிலையைப் பணியமாட்டோம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்கள். என்னைப் பொறுத்தவரை, விசுவாசத்தின் முழு எடையும் அந்த "விடுவிக்காமற்போனாலும்" என்ற ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. அவர்கள் சூளையில் போடப்பட்டார்கள்; அவர்களோடு உலாவிய, தேவபுத்திரனைப் போன்ற நான்காம் ஆளை ராஜா கண்டதும் அந்த நெருப்புக்குள்தான்.

என் தந்தை பிழைத்து வீடு திரும்பினார். அடுத்த படுக்கையில் இருந்த இளைஞர் பிழைக்கவில்லை. அவருடைய தாயாரும் என்னைப் போலவே, ஒருவேளை என்னைவிட உறுதியாகவே, ஒவ்வொரு இரவும் ஜெபித்துக்கொண்டிருந்தவர். எனவே எங்கள் ஜெபம் கேட்கப்பட்டது, அவருடையது கேட்கப்படவில்லை என்று சொல்ல என் நா எழாது. மகனின் உடலைப் பெற்றுக்கொண்டு புறப்படும் வேளையில் அவர் என்னிடம் வந்து, "அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்று, என் தந்தைக்காக ஜெபம்பண்ணினார்.