பிராசஸர் அல்ல, எம்எம்யூதான் தலைவலி
எமுலேட்டர் (ஒரு கணினியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) எழுதுவது பற்றிய கட்டுரை, "பிராசஸரை எழுதிவிட்டால் எமுலேட்டரில் பாதி வேலை முடிந்தது" என்கிறது. பழைய சன்-3/60 பணிநிலையத்துக்கு ஒன்று எழுதிப் பார்த்தவனாக என்னால் அதை ஏற்க முடியவில்லை. அதன் பிராசஸரான மோட்டோரோலா 68020-க்கு விரிவான கையேடு இருக்கிறது, பொறுமை இருந்தால் போதும். சிக்கலெல்லாம் அதைச் சுற்றி இருப்பவற்றில்தான். இந்த இயந்திரத்தின் எம்எம்யூ, அதாவது நிரல் கேட்கும் முகவரியை உண்மையான நினைவக முகவரியாக மாற்றும் பகுதி, சன் நிறுவனம் தானே வடிவமைத்தது. எட்டு கான்டெக்ஸ்ட் (தனித்தனி முகவரி வெளிகள்), செக்மென்ட் மேப் (முகவரி மாற்றத்துக்கான அட்டவணை), 8 கிலோபைட் பக்கங்கள் என்று அதற்குத் தனிக் கணக்கு. நான் மாட்டிக்கொண்டதோ இன்னும் அற்பமான இடத்தில். எதுவும் இல்லாத முகவரியைப் படித்தால் பஸ் எரர், அதாவது அங்கே பதில் சொல்ல யாரும் இல்லை என்று பிராசஸருக்குச் சொல்லும் பிழை, வர வேண்டும். நான் பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். பூட் ரோமும் (இயந்திரம் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) அதை நம்பி, இல்லாத கருவிகளோடு பேசப் போய் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வாரம் பாவம் அந்த 68020 நிரலைத்தான் சந்தேகப்பட்டேன்! பஸ் எரரைச் சரியாகக் கொடுத்த பிறகும், பாதியில் நின்ற கட்டளையைத் தொடர வைப்பது தனிப் போராட்டம். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் முதலில் திரையை வரையச் சொல்கிறார். வேண்டாம். விசைப்பலகை இல்லையென்றால் இந்த இயந்திரம் திரைக்குப் பதில் சீரியல் போர்ட்டுக்குப் போய்விடும். அந்தப் போர்ட்டைக் கவனிக்கும் ஸைலாக் 8530 சிப்பை அரைகுறையாக எழுதினாலே ரோம் சொல்வதையெல்லாம் டெர்மினலில் படிக்கலாம், திரைப் படத்தை வைத்திருக்கும் நினைவகமான ஃபிரேம்பஃபரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.