பத்திரம் இருந்தால் நான் ஏன் சார் இங்கே வரப்போகிறேன்?

ஐடிஐயில் வெல்டர் படித்தவனுக்கு ஊர் முழுக்க ஒரே அறிவுரைதான். "எத்தனை நாளைக்கு அடுத்தவன் பட்டறையில் கண்ணைக் கெடுத்துக்குவே? கவர்ன்மென்ட் லோன் தருது, சொந்தமா ஆரம்பி." இதைச் சொல்பவர்களில் ஒருத்தராவது லோனுக்காக வங்கி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரா? நான் ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு வருடப் படிப்பு, அப்புறம் நாலு வருடம் கிரில் பட்டறையில் கூலி. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எதுவானாலும் அளவெடுப்பதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை தனியாளாக முடிப்பேன். அந்தத் தைரியத்தில், சொந்தத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு வங்கிக் கடன் தரும் பிஎம்இஜிபி திட்டத்தில் 6 லட்சத்துக்கு விண்ணப்பம் போட்டேன். பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்பதால் கையிலிருந்து 5 சதவீதம், அதாவது 30,000 போட்டால் போதும். மிச்சம் வங்கிக் கடன். நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். (மானியம் என்றதும் சொந்தக்காரர்கள் சிலருக்குக் கண் விரிந்தது. அது கையில் வராது சாமி! வங்கியிலேயே மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும்.)

மாவட்டத் தொழில் மையத்தில் பரிந்துரை செய்து அனுப்பிவிட்டார்கள். அங்கே குறை சொல்ல மாட்டேன். வங்கியில்தான் பிடித்தது சனி. அங்கிருந்த அதிகாரி ஃபைலைத் திறக்கக்கூட இல்லை, "வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

சிறுதொழில் கடனுக்கு 10 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லியாயிற்று. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு ஈடுகட்ட சிஜிடிஎம்எஸ்இ என்று ஓர் உத்தரவாத நிதியும் இருக்கிறது. பணிவாகத்தான் எடுத்துச் சொன்னேன். "ரூல்ஸ் எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே தம்பி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, இன்னும் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு பத்திரம் என்ற பேச்சே இல்லை. வேறு கேள்விகள் முளைத்தன. சிபில் ஸ்கோர் இல்லையே? கடனே வாங்காதவனுக்கு ஸ்கோர் எங்கிருந்து வரும்? கிரில் அடிப்பது உற்பத்தியா, சேவையா? இதற்கே ஒரு மாதம் போயிற்று. இரும்புப் பட்டையை வெட்டி, வளைத்து, பற்றவைத்து கேட்டாக நிறுத்தினால் அது உற்பத்தி இல்லாமல் பின்னே என்ன, பூஜையா? வாடகை ஒப்பந்தம் எங்கே? அது இல்லாமல் ஃபைல் நகராதாம். சரி என்று ஷெட் பிடித்து 40,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

அந்த 40,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே வங்கி, அதே ஹால், நாலு அடி தள்ளி நகைக் கடன் கவுன்ட்டர். அம்மாவின் செயினை உரைகல்லில் ஒரு இழுப்பு, தராசில் ஒரு நிமிடம். முக்கால் மணி நேரத்தில் பணம் கணக்கில் ஏறிவிட்டது. ஸ்கோர் கேட்கவில்லை, உற்பத்தியா சேவையா கேட்கவில்லை. என் கையில் இருக்கும் தொழில் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, அம்மா கழுத்தில் கிடப்பது மட்டும் பளிச்சென்று தெரியும்.

செயினுக்கு வட்டி ஓடுகிறது. காலி ஷெட்டுக்கு மாதம் 5,000 வாடகை ஓடுகிறது. தெருமுனை தண்டல்காரர் வேறு தினம் விசாரிக்கிறார், "எப்ப வேணும் தம்பி?" 10,000 எழுதி 8,500 தருவார், தினம் நூறு வீதம் நூறு நாள். அநியாயம்தான். ஆனால் இத்தனை மாதத்தில் "எப்ப வேணும்" என்று என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

நேற்றும் போயிருந்தேன். வெல்டிங் மெஷின் கொட்டேஷன் காலாவதியாகிவிட்டதாம், புதிதாக வாங்கி வரச் சொன்னார்கள். இது மூன்றாவது. முதல் தடவை போனபோது கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து மெஷினை ஓட்டியே காட்டினார். இந்தத் தடவை, "பழசுலயே தேதியை மட்டும் மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.